எதிர்க்கரை எலி

நேற்றுக் காலை எதிர்க்கரையில் முதுகு முடியைக் கத்தரித்து அடையாளமிட்டு விட்ட எலி, இன்று இந்தக் கரைப் பொறிக்குள் உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டிருந்தது. இடையில் மலையோடையில் பாறைகளையே உருட்டிப்போன வெள்ளம். தமயந்தியும் அவளோடு ஆய்வு செய்யும் இருதயராஜும் அடிவாரத்துப் பாலம்வரை இறங்கி, சுற்றிக்கொண்டுதான் இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். எலிகள் இந்த ஓடையைத் தாண்டுவதில்லை, அதனால் இரு கரையிலும் இரண்டு தனி இனங்கள் உருவாகின்றன என்பதுதான் இரண்டு வருடமாக அவர்கள் சொல்லிவந்தது.

“அடையாளமில்லாத புது எலின்னு எழுதிருவோம், தமயந்தி. யாருக்குத் தெரியப்போவுது?”

“இதுக்குத் தெரியுமே.”

உழைப்பெல்லாம் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த உடம்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. பொறியை நீர் ஓரமாக வைத்துக் கதவைத் திறந்தாள். எந்த இடத்தில் இறங்கப்போகிறது என்று இருதயராஜ் குனிந்து வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எலி வெளியே வந்து நிதானமாக மீசையைத் துடைத்துக்கொண்டது. பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்து மரத்தில் ஏறியது. அதன் பின்னாலேயே தமயந்தியின் பார்வையும் ஏறியது. மேலே இரு கரை மரங்களும் கிளை கோத்துக்கொண்டு நின்றன. இரண்டு வருடத்தில் அவள் அண்ணாந்து பார்த்தது அன்றுதான்.