சில்லிடாத பை

“இந்தப் பையைத் தொட்டுப் பாருங்கக்கா, அப்புறம் பேசு—”

“தொட்டாச்சுடி! எய்ட்ஸ் கிருமி இல்ல, காமாலைக் கிருமி இல்ல. நீதானே மறுபடியும் டெஸ்ட் பண்ணே?”

“டெஸ்ட் சரிதான். ராத்திரி பூரா ஃபிரிட்ஜுல இருந்த ரத்தம் ஏன் சூடா இருக்கு? சூடான பையைத் தூக்கிப் போடணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்!”

ரத்த வங்கியிலேயே தலை நரைத்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் மாடியில், அறுவை சிகிச்சை முடிந்த தங்கை மகள் வெளிறிக் கிடக்கிறாள். அவள் ரத்த வகைக்கு வேறு பை இல்லை. பக்கத்துப் பைகளெல்லாம் சில்லிட்டிருக்க, இது மட்டும் ஆள் கை போல வெதுவெதுவென்றிருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் தங்கை போன் செய்தாள். “அக்கா, ரத்தம் ஏறுது. புள்ள முகத்துல களை வந்துருச்சு!”

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நிமிர்ந்தாள். நேற்று அந்தப் பைக்கு ரத்தம் கொடுத்த தபால்காரர் வாசலில் நின்றார். கொளுத்தும் வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

“நேத்துலேருந்து குளிர் தாங்கலம்மா. இப்போ ரொம்ப அதிகமாயிருச்சு. நான் கொடுத்ததை இன்னும் யாருக்கும் ஏத்தலையே?”