அண்டார்டிகா ஏரிப் பாடம்

“நவம்பர் 17, திங்கள். இன்றைய தவறு: ‘அண்டார்டிகா ஏரிகளை வைரஸ்கள் எப்படி அழிக்கின்றன?’ என்று ஏஐயிடம் கேட்டேன். அழிக்கின்றன என்று நானே முடிவுகட்டிவிட்டுக் கேட்டிருக்கிறேன். அதுவும் என் மனம் கோணாமல் பத்துக் காரணங்கள் கொடுத்தது. அத்தனையையும் பாடக்குறிப்பில் எழுதிவிட்டேன்.”

வாசித்து முடித்துவிட்டுப் பயிற்சியாளர் சம்ரீன் நிமிர்ந்தார். “இந்த நோட்டு யாரோடது? வேதவதி டீச்சர்... வேதவதி டீச்சர்!”

இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகுதான் அவள் எழுந்தாள்.

தென்னூரில் ஒரு மாடியில் நடந்த மாலை வகுப்பின் கடைசி நாள் அது. ஒரே நிர்வாகத்தின் பன்னிரண்டு பள்ளிகளிலிருந்து, பள்ளிக்கு ஓர் அறிவியல் ஆசிரியராக வந்திருந்தார்கள். பாடம் நடத்த ஏஐயைப் பயன்படுத்தப் பழக வேண்டும். தினமும் தன் தவறு ஒன்றை எழுத வேண்டும். பலர் ‘தவறு எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கேட்ட விதமே தப்போன்னு அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சுங்க மேடம். மறுநாள், ‘அந்த ஏரியில வைரஸ் என்ன பண்ணுது?’ன்னு மட்டும் கேட்டேன். வேற மாதிரி சொல்லிச்சு. எது சரின்னு தெரியல. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்து, டிக்ஷனரிய வச்சுக்கிட்டு மூணு நாளாப் படிச்சேன். இப்பவும் முழுசாப் புரிஞ்சுதான்னு தெரியல.”

பின்வரிசையில் பீமராவ் சார் சிரித்தார். “அந்தக் கட்டுரையையும் ஏஐகிட்டயே கொடுத்திருக்கலாமே டீச்சர்? நிம்மதியா சீரியல் பாத்திருக்கலாம்.”

“கொடுத்தேன் சார். சுருக்கிச் சொல்லிச்சு. அது சரியான்னு பாக்கத்தான் படிச்சேன்.”

வகுப்பே சிரித்தது. சம்ரீன் சிரிக்கவில்லை.

“இந்த சர்டிஃபிகேட் இல்லாத சயின்ஸ் டீச்சருக்கு அடுத்த வருஷம் வேலை இல்லைன்னு உங்க மேனேஜ்மென்ட் சொல்லியாச்சு. அதனால சும்மா தூக்கிக் கொடுத்துட மாட்டேன். வாங்க, நடத்திக் காட்டுங்க. இவங்க எல்லாரும் எட்டாம் வகுப்பு.”

அவள் பலகைக்குப் போனாள். வேலை போனால் வையம்பட்டிக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே அப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“மேடம், தப்பாச் சொன்னா நடுவுலயே நிறுத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் பலகையில் ஒரு ஏரி வரைந்தாள்.

“இங்க மீன் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத உயிருங்கதான். இது பாசி. இந்தப் பெரிய வைரஸ் பாசிக்குள்ள புகுந்து கொன்னுடும்.”

“அப்ப ஏரி காலி டீச்சர்!” என்று கடைசி பெஞ்சுப் பையனாகவே மாறிக் கத்தினார் பீமராவ்.

“உக்காருப்பா. இன்னும் முடிக்கல.” பாசி என்று போட்டிருந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தாள். “இது சின்ன வைரஸ். இதால தனியாப் பெருக முடியாது. பெரிய வைரஸ், தான் பெருகறதுக்காக பாசிக்குள்ள ஒரு பட்டறை போடும். சின்னது அந்தப் பட்டறையில புகுந்து தன்னைப் பெருக்கிக்கும். பெரிசு குறைஞ்சுபோகும். பாசி கொஞ்சம் பொழைக்கும்.”

“உழைக்கிறது ஒருத்தன், வளர்றது இன்னொருத்தன். எங்க ஸ்டாஃப் ரூம்தான் டீச்சர் இது!” என்றார் பீமராவ்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “அது பாடத்துல இல்லைங்க சார்” என்றாள்.

“சரி, வைரஸ் நல்லதா கெட்டதா? அதைச் சொல்லுங்க” என்று அவரே விடாமல் கேட்டார்.

கொஞ்சம் யோசித்தாள். “அப்படிக் கேக்கறதே தப்போன்னு தோணுது சார். யாருக்கு நல்லதுன்னு கேக்கணும்.”

சம்ரீன் எழுந்து கைதட்டினார். “இதை நான் சொல்லிக்கொடுக்கல. இனிமே என் வகுப்புல சொல்லப் போறேன். வேதவதி டீச்சர்தான் ஃபர்ஸ்ட்! வர்ற திங்கள்லேருந்து உங்க ஸ்கூல்ல மத்த டீச்சர்களுக்கு நீங்கதான் பயிற்சி கொடுக்கணும். கரஸ்பாண்டன்ட்டுக்கு இப்பவே மெயில் அனுப்பறேன். உங்க வேலைக்கு இனி ஒரு குறையும் வராது.”

சான்றிதழை வாங்கியவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன, பேர்ல பிழை இருக்கா?”

“இல்லைங்க மேடம். பேர் சரியா இருக்கு.”

கீழே இறங்கி, ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றபோது செல்போன் அடித்தது. திரையில் ‘வேதவதி மேடம்’ என்று வந்தது.

“தேவதர்ஷினி, என் சர்டிஃபிகேட் வந்துடுத்தாம்மா?”

“வாங்கிட்டேங்க மேடம். ஃபர்ஸ்ட் வந்திருக்கீங்க.”

“பெருமாளே! படுத்துண்டிருக்கற மாமியாரை விட்டுட்டு வர முடியாம, எனக்குப் பதிலா உன்னைப் போய் உக்காரச் சொன்னேன். அடுத்த பேட்ச் உனக்குத்தான்னு நம்பித்தான்மா அனுப்பினேன்.” குரல் தாழ்ந்தது. “அடுத்த பேட்சே இல்லைன்னு கரஸ்பாண்டன்ட் இப்பதான் சொன்னார். ஸ்கூலுக்கு ஒரு சயின்ஸ் டீச்சர் போதுமாம். சர்டிஃபிகேட் இல்லாததால ஏப்ரலோட உன்னை நிறுத்தறாளாம். நிஜத்தைச் சொன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடுமே, நான் என்ன பண்ணட்டும்?”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து தேவதர்ஷினி எழுதினாள்:

“நாளை, சனி, காலை பத்து மணி: திங்களன்று வேதவதி மேடம் மற்ற டீச்சர்களுக்கு நடத்தவேண்டிய பாடத்தை, அவர் வீட்டுக்குப் போய் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.”