பெற்றோர் கட்டாயம் வரவேண்டும்

நடுவர் அறை வாசலில் காத்திருந்தவர்கள்: திருப்புளியோடு அப்பா, லேப்டாப்போடு தாய்மாமா, இருவருக்கும் நடுவில் ரோபோ. போட்டியாளர் என்ற முறையில் ஏழாம் வகுப்பு மகளும் இருந்தாள். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது.

தரையில் வரைந்த கறுப்புக் கோட்டின் மேலேயே போய், பந்தை எடுத்துக் கூடையில் போடும் ரோபோ. மாணவர்கள் செய்து கற்க வேண்டும் என்பதுதான் போட்டியின் நோக்கம். கை பட்டால் கெட்டுவிடும் என்று, அதைச் செய்து முடிக்கும்வரை அப்பாவும் மாமாவும் மகளை வீட்டு ஹால் பக்கமே விடவில்லை.

"ஒரே ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டுமாப்பா?"

"ஜெயிச்சிட்டு வந்து ஆசை தீர ஓட்டு. இப்ப சொல்லு, சென்சார் என்ன பண்ணும்?"

"வெளிச்சம் திரும்பி வர்றதை வச்சுக் கோடு எங்கேன்னு கண்டுபிடிக்கும்." ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"பிச்சு உதர்றா பாருங்க அத்தான்!" என்றான் மாமா.

போன வருடக் கோப்பையை வாங்கியவர் மாடிவீட்டுக்காரர். அதாவது, அவருடைய பையன். இந்த முறையும் கோட்டைவிட்டால் படிக்கட்டில் அந்த மனுஷன் முகத்தில் முழிக்க முடியாது.

கதவு திறந்தது. "ரோபோவோட உள்ளே வாங்க சார். நீங்களும் வாங்க" என்று மாமாவையும் அழைத்தார் நடுவர் அம்மா.

"இந்த வருஷந்தான்டா மாப்ளே, பெத்தவங்களை மதிக்கறாங்க!" அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

உள்ளே அப்பாக்களும் அம்மாக்களும் ஆளுக்கொரு ரோபோவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாடிவீட்டுக்காரரும் இருந்தார். பிள்ளைகள் ஒருவரையும் காணோம். கேள்வி கேட்டு அனுப்பியிருப்பார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

"பாப்பா, நீ எங்கூட வாடா."

மகள் பாட்டிலை மாமா கையில் திணித்துவிட்டு ஓடினாள். நடுவர் அம்மா அவள் பின்னால் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

அப்பா பதறிப்போய்க் கதவைத் தட்டினார். "மேடம், ரோபோ இங்கே இருக்கு! போட்டி எப்போ?"

"ஆரம்பிச்சாச்சு சார். பிள்ளைங்க இங்கே புதுசா செய்யறாங்க, முடிச்சதும் உங்களைத் திறந்து விடறோம்."