ஒரு விநாடிக்கு மூன்று பெயர்கள்

பாம்பன் கரையில் வெயில் சாய்கிறது. விடியலிலேயே திரும்பியிருக்க வேண்டிய அய்யாவின் வள்ளம் இன்னும் வரவில்லை. அம்மா மணலில் நின்று கடலையே பார்க்கிறாள். குடிசை வாசலில் சரித்து வைத்த பலகையின் மேல்முனையிலிருந்து லீமாரோஸ் கோலியை உருள விடுகிறாள். நாளை எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. வீட்டில் கடிகாரம் கிடையாது; "சேசு மரி சூசை" என்று ஒருமுறை ஜெபம் சொல்வதுதான் அவளுக்கு ஒரு விநாடி. அவள் சொல்லி முடிக்கும் ஒவ்வொரு முறையும் கோலி இருக்கிற இடத்தில் தங்கை ஜோதிமேரி கரிக்கோடு இழுக்கிறாள். முடுக்கம் மாறாதென்றால் கோடுகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகவேண்டும். சமன்பாடு அப்படித்தான் சொல்கிறது. காற்று கூரை ஓலையைப் பிய்க்கிறது. "எல்லாக் கோடும் ஒரே தூரத்துல விழுதுக்கா. கோலிக்கு வேகமே கூடலையே." "பலகை சரியில்லடி. இன்னொருக்கா விடுறேன்." சேசு மரி சூசை, சேசுமரி சூசை, சேசுமரிசூசை. மறுபடியும் அதே இடைவெளிதான். ஜோதிமேரி கரித்துண்டைக் கீழே போடுகிறாள். "பலகையில ஒண்ணுமில்ல. நீதான் போகப்போக வெரசாச் சொல்லுற." கோலி மணலில் புதைந்து கிடக்கிறது. இப்போது கரையிலிருந்து அம்மாவின் குரல் கேட்கிறது. அதே மூன்று பெயர்கள், இடைவெளியே இல்லை.