படத்தில் இருந்த சிரிப்பு

"இந்த ரெண்டு வட்டமும் ரெண்டு கிணறு. சுத்திவர வெடிச்சுக் கிடக்கிறது எங்கடை வன்னி மண்." ஓவியப் போட்டியில் முதற்பரிசு பெற்ற படத்துக்கு முன்னால் நின்று நடுவர் ராஜரத்தினம் கைகளை விரித்தார். கிளிநொச்சி மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நேசமலர் கண்ணெடுக்காமல் பார்த்தாள். வட்டங்களுக்குள்ளே முகாமில் நின்ற சனத்தின் வரிசை. அதில் அவளும், பக்கத்தில் அவளுடைய கணவர் தயாபரன் மாஸ்டரும்.

அந்த வரிசையிலிருந்துதான் இராணுவத்தினர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்த போட்டோக்கள் எல்லாம் இடப்பெயர்வோடு போய்விட்டன. பேப்பரில் இந்தப் படத்தைக் கண்டதும் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டு, தர்மபுரத்திலிருந்து பஸ் ஏறிவிட்டாள்.

"தம்பி, அவரின்ரை முகத்தை மட்டும் எனக்கொண்டு கீறித் தருவியளோ? விளக்கு வைக்க ஒரு படம் இல்லை."

"தாறன் அன்ரி." படத்தை வரைந்த நிரோஜன் பணியாரப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினான். "தயாபரன் சேரிட்டைத்தானே நான் படம் கீறப் பழகினனான். அண்டைக்கு நானும் வரிசையிலை, உங்களுக்குப் பின்னாலை நிண்டனான்."

"கடவுள்தான் உங்களை அங்கை நிப்பாட்டினவர்," என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

"மாஸ்டரின்ரை சிரிப்பைப் பாருங்கோ!" நடுவர் இடையில் புகுந்தார். "எல்லாரும் குனிஞ்சு நிக்க, அவர் மட்டும் நிமிந்து சிரிக்கிறார். அதுதான் நம்பிக்கை."

நேசமலர் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போனாள். மண்வெடிப்பு என்று நடுவர் சொன்ன பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, ஓர் இழை தப்பாமல் ஓடியிருந்தன. அவள் விரல் அவற்றின் மேல் நின்றது.

"அவர் முன்னாலை நிண்ட ஆளைப் பாத்துச் சிரிச்சவர் ஐயா. 'எங்கடை பள்ளிக்கூடப் பெடியன்தான், கண்ணைப் பாக்கத் தெரியுது, பயப்பிடாதை' எண்டு எனக்குச் சொன்னவர்."

"ஆரம்மா முன்னாலை நிண்டது?"

"தலையாட்டி. ஆரைப் பிடிக்கிறதெண்டு தலையை ஆட்டிக் காட்டுறவன். முகம் தெரியாமல் சாக்காலை மூடி, பாக்கிறதுக்கு ரெண்டு ஓட்டை விட்டிருந்தவை."

நிரோஜன் பணியாரப் பெட்டியை அவள் பக்கம் திருப்பி நீட்டினான். நேசமலர் திரும்பி அவன் கண்களைப் பார்த்தாள். கண்களை மட்டும்.

"சாக்குக்குள்ளை நல்லா வேர்த்திருக்கும், என்ன தம்பி?"