ஆலைச் சங்கு

"செத்தவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லணும். யார் பேசறீங்க?" என்றார் மேயர்.

சபையில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

செத்துப்போன கவுன்சிலருக்கு சபை வைத்திருந்த பெயர், ஆலைச் சங்கு. எந்தக் கட்சியிலும் சேராமல் மூன்று தேர்தல் ஜெயித்தவர். ஆனால் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய கத்தல்தான். மேஜையைத் தட்டுவார். நாற்காலி மேல் ஏறி நிற்பார். காவலர்கள் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விடும் படம் பத்திரிகைகளுக்கு அலுத்தே போயிருந்தது.

"முன்னாடிதான் மைக் இருக்கே, பட்டனை அழுத்திப் பேசினா என்னவாம்?" என்று கேட்டால், "என் மைக் வேலை செய்யலை" என்பார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்பார் டீச்சர். சபை சிரிக்கும். டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று கவுன்சிலரானவர். ஆலைச் சங்குக்குப் பக்கத்து நாற்காலி. காது வலிக்கிறது என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டவர்.

கடைசியாக நடந்ததுதான் மகா அசிங்கம். டீச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மைக்கை ஆலைச் சங்கு பிடுங்கிவிட்டார். பெண்பிள்ளை கையிலிருந்து பிடுங்குவதாவது! டீச்சர் புகார் கொடுத்தார். சபை ஒரே குரலில் சஸ்பெண்ட் செய்தது. அந்தத் தண்டனை முடிவதற்குள் மாரடைப்பு வந்து மனிதர் போய்ச் சேர்ந்தார்.

மேயர் பார்வையாளர் மாடத்தை அண்ணாந்து பார்த்தார். இறந்தவரின் மனைவி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்களாவது ஏதாவது சொல்லுங்கம்மா."

"நான் என்னங்க சொல்றது? வீட்டுல அவர் குரலே கேக்காதுங்க. காதைக் கிட்டக் கொண்டுபோனாத்தான் என்ன சொல்றார்னே புரியும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "வெளியில புலி, வீட்டுல எலி" என்று முணுமுணுத்தார் டீச்சர்.

"சரி, அடுத்த தீர்மானம்" என்றார் மேயர். "பழைய தண்ணீர்த் தொட்டி. பூசி, வெள்ளையடிச்சு, அப்படியே வச்சுக்கறது."

மாடத்தில் சலசலப்பு. தொட்டிக்கு நேர் கீழே குடியிருக்கிறவர்கள் குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள். தூணில் விட்டிருந்த வெடிப்புக்குள் ஓர் ஆள் கையை நுழைக்கலாம். வெள்ளையடிக்கப்போவது மேயரின் மச்சான்.

ஒரே ஓர் உறுப்பினர் எதிர்ப்புச் சொன்னால் போதும், வெளியிலிருந்து இன்ஜினியர் வந்து தொட்டியைச் சோதித்தாக வேண்டும். அது சபை விதி. ஆனால் மைக்கில் சொல்ல வேண்டும். மைக்கில் வராதது எதுவும் சபைக் குறிப்பில் ஏறாது.

"எதிர்ப்பு இருக்கா?"

மேயரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல்?

அப்போது, ஆளில்லாத நாற்காலியின் முன்னால் இருந்த மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பேச அனுமதி கேட்டுப் பட்டனை அழுத்தினால் எரிகிற விளக்கு அது.

"எங்கய்யா எலெக்ட்ரிஷியன்? ஷார்ட் சர்க்யூட் போலிருக்கு, பாரு!" என்றார் மேயர்.

எலெக்ட்ரிஷியன் வாசலோடு நின்றுவிட்டார்.

"நான் தொடமாட்டேன் சார்."

"டீச்சர், நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க. அந்த ஒயரைப் பிடுங்கி விடுங்க."

டீச்சர் குனிந்து மேஜைக்கு அடியில் ஒயரைப் பிடித்து இழுத்தார். பிடுங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது கையோடு வந்தது. முனை வெட்டப்பட்டு, டேப் சுற்றி, டேப்பின் மேல் தூசி கட்டிதட்டிப் போயிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"இது... எப்ப அறுந்தது?"

எலெக்ட்ரிஷியன் தலையைக் குனிந்துகொண்டார். "அவரு முதல் தடவை ஜெயிச்சு வந்தப்பவே மேயர் வெட்டச் சொன்னாரும்மா. நான்தான் வெட்டினேன்."

"உளறாதே!" மேயர் சபைக் குறிப்பு எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "எதிர்ப்பு இல்லைன்னு எழுதிக்கோங்கய்யா!"

டீச்சருக்குத் தன் மைக் பறிபோன அந்த நாள் கண்முன் வந்தது. அன்றைக்கும் இதே தொட்டிதான்; ரகளையில் தீர்மானம் தள்ளிப்போயிருந்தது. மைக்கைப் பிடுங்கியவர் அடிக்கவா வந்தார்? "ஒரே ஒரு வார்த்தை டீச்சர்... ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தந்துடறேன்" என்று கெஞ்சினார். தான்தான் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டோம் என்று நினைத்தபோது டீச்சருக்கு அவமானத்தில் உடம்பே கூசியது.

தன் மைக்கின் பட்டனை அழுத்தினார். அதைக் காலி நாற்காலியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இந்தாங்க. சொல்லுங்க."

ஒலிபெருக்கிகளில் கரகரவென்று சத்தம் வந்தது. யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"எதிர்க்கிறேன்."

தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்று பேசுகிறவரின் குரல். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சாந்தமாக இருந்தது. சபைக் குறிப்பு எழுதுகிறவர் தன்னை அறியாமல் அதை எழுதிவிட்டார்.

ஒயர் அறுந்த மைக்கில் சிவப்பு விளக்கு அணைந்தது.

"யாரது? யார் பேசினது?" மேயர் எழுந்து நின்று கத்தினார்.

இத்தனை வருஷம் கூட உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை.

மாடத்தில் அந்த அம்மாள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவர்தாங்க. வீட்டுல இப்படித்தான் பேசுவார்."