விரதம்

மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், விளக்கு வைத்த பிறகு எதிர்வீட்டுக்கு ஒரு டப்பாவில் கேசரி கொண்டுபோனாள் உண்ணாமலை. புதிதாகக் குடிவந்த சுனந்தா வாங்கி மூடிவைத்தாளே தவிர, ஒரு வாய் தின்னவில்லை.

“நம்ம வீட்டுப் பண்டம் அவங்களுக்கு ஆகாது போல,” என்று வீடு திரும்பியதும் கணவனிடம் பொருமினாள் உண்ணாமலை.

காலையில் அதே டப்பாவில் பாயசத்தோடு வந்து நின்றாள் சுனந்தா.

“இன்னைக்குப் பௌர்ணமி. மலை சுத்திட்டு வர்ற வரைக்கும் பல்லுல பச்சைத்தண்ணி படக்கூடாது,” என்றாள் உண்ணாமலை வெடுக்கென்று.

“பரவால்லக்கா. நாங்க ஜைனருங்க, பொழுது போனா சாப்பிட மாட்டோம். எப்ப விடியும்னு பசங்க கேசரியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. காலையில மொத வேலையா அதைத்தான் சாப்பிட்டோம்.”

உண்ணாமலை மெல்ல வலக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விரல்களில் இட்லிச் சட்னி இன்னும் காயவில்லை.

பார்த்தும் பார்க்காதவள்போல் டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்தாள் சுனந்தா.

“மலை சுத்திட்டு வந்தே சாப்பிடுங்கக்கா.”